வரப்புச் சண்டையும் மூன்றாம் மனிதரும்

(முன்னாள் மாணவர் சந்திப்பு நாளன்று ஆற்றிய உரை)



"உன் தொழிலைப் பத்தி ஏதாச்சும் பேசுப்பா" என்றுதான் செயலாளர் அண்ணன் சொன்னார். என் தொழில் திருச்செங்கோட்டில் ரிக் வண்டிகளின் கம்ப்ரஸர், ஹைட்ராலிக்ஸ் பார்ப்பது. அதைப் பற்றி இருபது நிமிடம் பேசினால் நானே தூங்கிவிடுவேன். ஆனால் அந்தத் தொழிலில் நான் கற்றுக்கொண்ட ஒரு விஷயம், எந்தத் தொடர்பும் இல்லாததுபோல் தெரிகிற ஒரு கேள்விக்குப் பதிலாக அமைந்தது. அதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

2025 மே மாதம் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் நான்கு நாள் சண்டை நடந்தது நினைவிருக்கும். அப்போது புராஜெக்ட் வைவாவுக்காக இங்கே வந்திருந்தேன். விடுதி மெஸ் கரும்பலகையில் சாம்பார், பொரியல் எழுதும் இடத்தில் இரண்டு பத்தி போட்டிருந்தார்கள். ஒன்று "நம்ம பக்கம்". இன்னொன்று "அவங்க பக்கம்". இஸ்ரேல், பிரான்ஸ், ரஷ்யா ஒரு பக்கம். சீனா, துருக்கி, அஜர்பைஜான் ஒரு பக்கம். அமெரிக்காவை மட்டும் மூன்று தடவை அழித்து எழுதியிருந்தார்கள். பாவம், யாருக்கும் அதை எங்கே வைப்பதென்று புரியவில்லை.

புரியாமல் போனது பிள்ளைகளின் தப்பு இல்லை. பலகையில் பத்தி பிரித்ததுதான் தப்பு.

நம்ம பக்கத்து வரப்புச் சண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். ராசிபுரம், நாமக்கல் பக்கம் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்லித் தரவேண்டியதில்லை. பங்காளிகள் இரண்டு பேர், நடுவில் ஒரு பொதுக் கிணறு, முறை வைத்துத் தண்ணீர். தகராறு முற்றிப்போகிறது. ஊரிலிருந்து ஒரு பெரிய மனிதர் வந்து, "நான் ரெண்டு பேருக்கும் பொதுவானவன். ரெண்டு பேரும் மோட்டாரை நிறுத்துங்க" என்கிறார். கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது! ஆனால் ஒருவன் காட்டில் கடலைக்கொடி பூவெடுத்து நிற்கிறது. இன்னொருவன் காடு தரிசு. பொதுவாகச் சொன்ன ஒரே வார்த்தை, ஒருவனை மட்டும்தான் சாய்க்கும்.

1965இல் நடந்தது இதுதான். அந்த ஆண்டு ஆகஸ்டில் காஷ்மீருக்குள் ஆயுதம் தாங்கியவர்கள் ஊடுருவினார்கள். செப்டம்பர் 6ஆம் தேதி நம் ராணுவம் பஞ்சாபில் சர்வதேச எல்லையைத் தாண்டியது. இரண்டு நாளில், செப்டம்பர் 8ஆம் தேதி, அமெரிக்கா இரு நாடுகளுக்கும் ராணுவ உதவியை நிறுத்திவிட்டது. பிரிட்டனும் நம் பக்கம் வரும் ஆயுதங்களை நிறுத்தியது. "இருவருக்கும் சமமான தடை" என்றார்கள்.

சமமா? பாகிஸ்தானிடம் இருந்த பாட்டன் டாங்கி அமெரிக்காவுடையது. சேபர் ஜெட் அமெரிக்காவுடையது. எஃப்-104 ஸ்டார்ஃபைட்டரும் அமெரிக்காவுடையது. 1954 முதல் ராணுவ ஒப்பந்தம் போட்டு வாங்கியவை. கம்யூனிஸ்ட் நாடுகளைத் தடுக்கக் கொடுத்தோம் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். நம்மிடமோ பல ஊர்ச் சரக்கு கலந்து கிடந்தது: பிரிட்டனின் செஞ்சுரியன், ஹண்டர், பிரான்சின் மிஸ்டேர், கொஞ்சம் சோவியத் மிக்-21. அந்தச் சின்ன நாட் விமானம் பிரிட்டன் வடிவமைத்ததுதான். ஆனால் பெங்களூர் எச்.ஏ.எல். தொழிற்சாலையில் நாமே செய்துகொண்டிருந்தோம். ஆகவே ஒரே தடை அவர்களுக்கு இடுப்பில் விழுந்தது, நமக்கு முழங்காலில் விழுந்தது. கூட்டாளி என்று ஒப்பந்தம் போட்டவனுக்குத்தான் அடி அதிகம். இதை வேடிக்கை என்பதா, கொடுமை என்பதா, நீங்களே சொல்லுங்கள்.

ரிக் வண்டி வைத்திருப்பவருக்கு இது சட்டென்று விளங்கும். ஒரு தடவை நம்ம பகுதி வண்டி ஒன்று வெளி மாநிலத்தில் ஓட்டத்தில் இருந்தபோது கம்ப்ரஸர் ஏர் எண்ட் போய்விட்டது. வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய பேரிங் செட். வண்டி 41 நாள் நின்றது. இஞ்சின் நல்லா இருக்கு, ராடு இருக்கு, டீசல் இருக்கு, ஆள் இருக்கு. உள்ளங்கையில் அடங்கும் ஒரு சாமான் இல்லை. ஃபைனான்ஸ் வட்டி மட்டும் ஒரு நாள்கூட நிற்கவில்லை. ஓனர் என்னிடம் சொன்னார்: "ஏனுங்க, வண்டி என் பேர்ல இருக்குது, சாவி அவன்கிட்ட இருக்குதுங்க." ஆயுதம் வாங்கிய நாடுகளின் கதையும் அதுவே. டாங்கியை விற்றவன் கையில்தான் ஆயுளுக்கும் சாவி.

ஆனால் பூட்டிய கதவுக்குப் பின்வாசல் உண்டு. தடை இருக்கும்போதே 1966இல் கனடாவில் செய்த 90 சேபர் விமானங்கள், மேற்கு ஜெர்மனியிடமிருந்து ஈரான் பெயரில் வாங்கப்பட்டு பாகிஸ்தானுக்குப் போய்ச் சேர்ந்தன. அமெரிக்கா கொடுத்த காஜி நீர்மூழ்கிக் கப்பலை அமெரிக்காவில் பழுதுபார்க்க முடியவில்லை. சூயஸ் கால்வாயும் மூடிக் கிடந்தது. ஆப்பிரிக்காவையே சுற்றிக்கொண்டு துருக்கிக்குப் போய் அங்கே செப்பனிட்டுக்கொண்டு வந்தது. அந்தக் காஜிதான் 1971 டிசம்பரில் நம் விக்ராந்தைத் தேடி வங்கக் கடலுக்கு வந்து விசாகப்பட்டினத்துக்கு வெளியே மூழ்கியது.

முன்வாசலும் ஒன்று திறந்தது. சீனா. 1965 போர் நடக்கும்போதே, சிக்கிம் எல்லையில் நம் காவல் நிலைகளை மூன்று நாளில் அகற்றவேண்டும் என்று நமக்குக் கெடு வைத்த நாடு அது. போர் முடிந்ததும் டி-59 டாங்கிகளையும் எஃப்-6 விமானங்களையும் பாகிஸ்தானுக்குக் கொடுக்க ஆரம்பித்தது. இன்றைக்கு 60 ஆண்டு ஆகிவிட்டது. 2025இல் பாகிஸ்தான் பறக்கவிட்ட ஜே-10 விமானத்தின் வேரைத் தேடிப்போனால், அமெரிக்கா அன்றைக்குப் போட்ட "சமமான" தடையில்தான் போய் முட்டும். நாமும் சும்மா இருக்கவில்லை. சோவியத் பக்கம் போனோம். ஆவடியில் விஜயந்தா டாங்கி கட்டத் தொடங்கியதும் அந்தக் காலம்தான். போரை நிறுத்துவதற்காகப் போட்ட தடை, அடுத்த போருக்கு யார் யாரிடம் சாமான் வாங்குவது என்பதை முடிவு செய்துவிட்டது.

(இடையில் ஒரு சொந்த ஊர் விஷயம். வெளியிலிருந்து வரும் வழி அடைபட்டால் உள்ளூரில் ஒன்று முளைக்கும் என்பதற்கு நாமே சாட்சி. நம் ஜவ்வரிசி முன்பு மலேயா, சிங்கப்பூர் பக்கமிருந்து கப்பலில் வந்தது. 1942இல் ஜப்பான் அந்த நாடுகளைப் பிடித்ததும் வரத்து நின்றது. 1943 வாக்கில் சேலம் மாணிக்கம் செட்டியார் போன்றவர்கள் மரவள்ளிக் கிழங்கை அரைக்க ஆரம்பித்தார்கள். ஆத்தூர் சாலையில் இன்று புளிப்பு வாசனை வருகிறதே, அதன் பிறப்பிடம் ஒரு போர்!)

ஆயுதத்தைவிட நம் பெற்றோர் தலைமுறையைத் தொட்டது சோறு. அப்போது நாம் அமெரிக்கக் கோதுமையை நம்பியிருந்தோம். பி.எல். 480 என்ற சட்டத்தின்படி வந்த கோதுமை. 1965இன் நடுவிலேயே, போருக்கு முன்பாகவே, அதிபர் ஜான்சன் நீண்டகால ஒப்பந்தம் போடாமல் ஒன்றிரண்டு மாதத்துக்கு மட்டும் என்று கோதுமையை அளந்து கொடுக்க ஆரம்பித்துவிட்டார். போர் வந்ததும் புதிய பொருளாதார உதவியும் நின்றது. லால் பகதூர் சாஸ்திரி திங்கட்கிழமை இரவு ஒரு வேளை சாப்பாட்டை விடச் சொன்னது அந்தச் சமயத்தில்தான். அதே ஆண்டு நவம்பரில் ரோம் நகரில் அமெரிக்க விவசாய அமைச்சர் ஃப்ரீமேனுடன் உட்கார்ந்து பேசி ஒரு வழிக்குக் கொண்டுவந்தவர் நம் கொங்கு மண்ணின் சி. சுப்பிரமணியம். அவர் காலத்தில்தான் 1966இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதை வந்தது. அதே 1966 ஜூன் 6ஆம் தேதி, உதவி கொடுப்பவர்களின் நெருக்கடியும் சேர்ந்து, டாலருக்கு 4 ரூபாய் 76 காசாக இருந்தது 7 ரூபாய் 50 காசாக மாறியது.

என் அப்பா பள்ளிக்கூடத்தில் சாப்பிட்ட மதிய உணவில் 'கேர்' என்ற அமெரிக்க அமைப்பு கொடுத்த மக்காச்சோள மாவும் பால் பவுடரும் உண்டு. மஞ்சள் உப்புமா என்பார். "டேய், கப்பல் எந்த நாட்டுலருந்து வந்துச்சுன்னு எங்களுக்குத் தெரியாது, மணி அடிச்சா தட்டைத் தூக்கிட்டு ஓடுவோம்" என்று இன்றும் சொல்லுவார். அமெரிக்கா நல்லதா, கெட்டதா என்று அவரிடம் கேட்டால் பதில் வராது. சிரிப்புதான் வரும். கப்பலை நிறுத்தி நிறுத்தி அனுப்பியதும் அதே நாடு. பிள்ளைகள் தட்டில் மாவு போட்டதும் அதே நாடு. மெஸ் பலகையில் மூன்று தடவை அழித்தார்களே, காரணம் அதுதான்.

கடைசியில் 1966 ஜனவரியில் தாஷ்கண்டில் சோவியத் பிரதமர் கோசிகின் இரு தரப்பையும் உட்காரவைத்தார். ஆகஸ்ட் 5க்கு முன்பிருந்த இடத்துக்கே இருவரும் திரும்புவது என்று கையெழுத்தானது. ரத்தம் சிந்திப் பிடித்த ஹாஜி பீர் கணவாயையும் திருப்பிக் கொடுத்தோம். அன்றிரவே சாஸ்திரி மறைந்தார்.

1971க்கு வருவோம். அந்தப் போரைப் பற்றி நமக்குப் பெருமை அதிகம், பெருமைப்படவும் வேண்டும். ஆனால் ஒரு கணக்கை மட்டும் நாம் குழந்தைகளுக்குச் சொல்வதில்லை. 1971 டிசம்பர் 7ஆம் தேதி ஐ.நா. பொதுச்சபையில் உடனே போரை நிறுத்து, படையை வாபஸ் வாங்கு என்று தீர்மானம் வந்தது. ஆதரவு 104. எதிர்ப்பு 11. ஒதுங்கியவர்கள் 10. அந்தப் 11இல் நாம் ஒருவர். கிழக்கு வங்காளத்தில் அத்தனை கொலை நடந்து, சுமார் ஒரு கோடி அகதிகள் நம் நாட்டுக்குள் வந்து, இந்திரா காந்தி ஐரோப்பா, அமெரிக்கா என்று தலைநகரம் தலைநகரமாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்த பிறகும் 104!

அந்த 104இல் இலங்கையும் உண்டு. அந்த ஆண்டின் தொடக்கத்தில் நம் விமானம் லாகூருக்குக் கடத்தப்பட்டதும், பாகிஸ்தான் விமானங்கள் நம் வான்வழியில் பறக்கக்கூடாது என்று நாம் தடுத்தோம். அவை தெற்கே சுற்றி, கொழும்பில் எரிபொருள் போட்டுக்கொண்டு டாக்காவுக்குப் போயின. அதே 1971 ஏப்ரலில் இலங்கையில் ஜே.வி.பி. கிளர்ச்சி வெடித்தபோது நாமும் உதவிக்குப் போனோம், பாகிஸ்தானும் போனது. சிறிமாவோ அம்மையாருக்கு இருவருமே ஆபத்தில் உதவியவர்கள். "பக்கத்து வீட்டுக்காரங்களே இப்படிப் பண்ணிட்டாங்களே" என்று அன்று தமிழ்நாட்டில் பேசிக்கொண்டவர்கள் உண்டு. அவர்கள் வாசலில் நின்று பார்த்தால் கணக்கு வேறு மாதிரி தெரியும்.

அமெரிக்காவின் கணக்கு இன்னும் வேடிக்கை. ஜூலை மாதம் கிஸ்ஸிங்கர் யாருக்கும் தெரியாமல் பாகிஸ்தான் வழியாகத்தான் பீக்கிங் போய் வந்தார். சீனாவுக்குப் போகும் கதவின் தாழ்ப்பாள் யாஹ்யா கான் கையில் இருந்தது. டாக்காவிலிருந்த அமெரிக்கத் தூதரகத் தலைவர் ஆர்ச்சர் பிளட், அங்கே நடக்கும் கொடுமையைத் தம் அரசு கண்டிக்கவில்லை என்று ஏப்ரலிலேயே தந்தி அடித்தார். அவருடைய பதவிதான் போனது. நியூயார்க்கில் ரவிசங்கரும் ஜார்ஜ் ஹாரிசனும் ஆகஸ்டில் அகதிகளுக்காகக் கச்சேரி நடத்தினார்கள், கூட்டம் அலைமோதியது. டிசம்பரில் அதே நாட்டு எண்டர்பிரைஸ் கப்பல் வங்கக் கடலுக்குள் வந்தது. ஒரு நாட்டுக்குள்ளேயே மூன்று பதில்! நமக்குத் துணையாக இருந்தது ஆகஸ்ட் 9ஆம் தேதி சோவியத்துடன் போட்ட ஒப்பந்தமும், பாதுகாப்புக் கவுன்சிலில் அவர்கள் மூன்று தடவை போட்ட வீட்டோவும். டிசம்பர் 16இல் டாக்கா வீழ்ந்தது. வெளியார் தீர்மானத்துக்கு அதன்பின் வேலை இல்லை.

இதுவரை சொன்னதில் நாம் சண்டைக்காரர்கள், மற்றவர்கள் மூன்றாம் மனிதர். இனிமேல்தான் எனக்குப் பேசக் கஷ்டமான பகுதி. 2022 பிப்ரவரி 24ஆம் தேதி ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தது. இப்போது மூன்றாம் மனிதர் நாம்.

என் சித்தப்பா மகள் அப்போது கார்கிவ் நகரத்தில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தாள். மார்ச் 2ஆம் தேதி நம் தூதரகம் ஒரு அறிவிப்பு வெளியிட்டது. கார்கிவில் இருக்கும் இந்தியர்கள் உடனே வெளியேறவேண்டும், வண்டி கிடைக்காவிட்டால் நடந்தாவது மாலை 6 மணிக்குள் குறிப்பிட்ட மூன்று ஊர்களுக்குப் போய்விடவேண்டும் என்று. குளிரில் ஒரு பையோடு அவள் நடந்தாள். ராசிபுரத்தில் எங்கள் சித்தி அன்று ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. அதே மார்ச் 2ஆம் தேதி நியூயார்க்கில் ஐ.நா. பொதுச்சபை ரஷ்யா வெளியேறவேண்டும் என்று தீர்மானம் போட்டது. ஆதரவு 141, எதிர்ப்பு 5, ஒதுங்கியவர்கள் 35. அந்த 35இல் இந்தியா.

அவள் போலந்து வழியாக ஊர் வந்து சேர்ந்தாள். ஆபரேஷன் கங்கா என்ற பெயரில் 90 விமானங்கள் விட்டார்கள். மொத்தம் சுமார் 22,500 இந்தியர்கள் திரும்பினார்கள். அவள் திரும்பிச் சில வாரம் கழித்து, கார்கிவில் குடியிருந்த வீட்டுப் பாட்டியம்மாவிடமிருந்து செய்தி வந்தது. நலம் விசாரித்துவிட்டு ஒரே ஒரு வரி கேட்டிருந்தார்: "உங்கள் நாடு ஏன் ஒன்றும் சொல்லவில்லை?" பாப்பா என்னிடம் காட்டி, "அண்ணா, என்ன பதில் எழுதட்டும்?" என்றாள்.

நான் என்ன சொல்ல முடியும்? இரு தரப்போடும் பேசக்கூடிய நிலையில் நாம் இருந்ததும் அவள் உயிரோடு வந்ததற்கு ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். நம் படையில் இருக்கும் ரஷ்யச் சாமான்கள் இன்னொரு காரணம். நான் முன்பு சொன்ன அதே சாவிக் கதை. அப்புறம் எண்ணெய். போருக்கு முன் நம் கச்சா எண்ணெயில் ரஷ்யாவுடையது 100க்கு 2கூட இல்லை. 2023இல் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது. மேற்கு நாடுகள் வாங்க மறுத்ததால் மலிவாகக் கிடைத்தது, வாங்கினோம். லாரித் தொழிலை நம்பியிருக்கும் நாமக்கல்லில் நின்றுகொண்டு இதை நான் குறை சொன்னால் எனக்கே சிரிப்பு வரும். ஆனால் 1971இன் 104 நாடுகளும் இதேபோல் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தன என்பதையும் மறைக்க முடியவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 1971இல் நம்மோடு நின்ற அந்தப் 11 ஓட்டில் ஒன்று உக்ரைனுடையது. சோவியத்தின் அங்கமாக இருந்தபோதே ஐ.நா.வில் அதற்குத் தனி இருக்கை உண்டு. மாஸ்கோ சொன்னபடி கை தூக்கியது என்பது உண்மைதான். இருந்தாலும் பட்டியலில் பெயர் இருக்கிறது. சோவியத் அணியில் சேராமல் அன்று நமக்காக ஓட்டுப் போட்ட ஒரே நாடு பூட்டான். அந்தப் பூட்டான் 2022இல் ஒதுங்கவில்லை, 141இல் சேர்ந்துகொண்டது.

மெக்கானிக்கல் மாணவர்களுக்காக ஒரு கப்பலைப் பற்றிச் சொல்கிறேன். ஐ.என்.எஸ். துஷில் என்ற போர்க்கப்பலை ரஷ்யாவின் கலினின்கிராட் துறைமுகத்தில் நமக்காகக் கட்டினார்கள். 2024 டிசம்பரில் நம் கடற்படையில் சேர்ந்தது. அதற்குள் ஓடும் காஸ் டர்பைன் உக்ரைனில் செய்தது! 2014க்குப் பிறகு உக்ரைன் ரஷ்யாவுக்கு டர்பைன் தரமாட்டேன் என்றது. நாம் உக்ரைனிடம் நேராக வாங்கி ரஷ்யாவிடம் கொடுத்துக் கட்டச் சொன்னோம். ஒருவரையொருவர் கொன்றுகொண்டிருக்கும் இரு நாடுகளும் கைகோத்து நிற்கும் ஓர் இடம் அந்தக் கப்பலின் இஞ்சின் அறை. நமக்கு வேண்டியவர் யார், வேண்டாதவர் யார் என்று அந்த அறையில் பத்தி பிரித்துக் காட்டுங்கள் பார்ப்போம்.

2025 கதை உங்களுக்கே தெரியும். சண்டை நின்றதை முதலில் அறிவித்தது வாஷிங்டன். சண்டை நடக்கும்போதே, மே 9ஆம் தேதி, ஐ.எம்.எஃப். பாகிஸ்தானுக்கு சுமார் 100 கோடி டாலர் தவணைக்கு ஒப்புதல் கொடுத்தது. அங்கேயும் நாம் ஒதுங்கித்தான் நின்றோம். அந்தக் கோடையில் நாமக்கல் முட்டை அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியதென்று ஊரே பேசிக்கொண்டது. ஆகஸ்டில், ரஷ்ய எண்ணெய் வாங்குகிறீர்கள் என்று சொல்லி அமெரிக்கா நம் சரக்குகளில் பெரும்பாலானவற்றின் மேல் கூடுதலாக 25 சதவீதம் போட்டு, வரியை 50 சதவீதமாக்கியது. கார்கிவுக்கும் மாஸ்கோவுக்கும் நடுவில் நடக்கும் சண்டைக்கு நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர் என்ன செய்வார் சொல்லுங்கள்? ஆனால் பில் அவருக்கும் வந்தது.

பாப்பா அந்தப் பாட்டியம்மாவுக்கு நீளமாக எதுவும் எழுதவில்லை. "எனக்குத் தெரியவில்லை பாட்டி, நான் நடந்து வந்த வழியில் ரொட்டி கொடுத்தவர்கள் எல்லாம் உங்கள் ஊர்க்காரர்கள்" என்று எழுதினாள். இப்போதும் பேசிக்கொள்கிறார்கள்.

இறுதியாண்டு மாணவர்களுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். நம் பட்டறையில் ஒரு சி.என்.சி. மெஷின் இருக்கிறது. அதன் கண்ட்ரோலர், ஸ்பிண்டில் பேரிங், என்கோடர், சீல் கிட், ஆயில் எல்லாம் எந்தெந்த நாட்டிலிருந்து வருகின்றன, நாளைக்கு ஒவ்வொன்றும் நின்றால் மெஷின் எத்தனை நாள் ஓடும், கோயமுத்தூரிலோ சேலத்திலோ யாரால் செய்து கொடுக்க முடியும் என்று ஒரு பட்டியல் எடுங்கள். ஸ்டோர்ஸ் ரிஜிஸ்தரைப் பார்க்கத் துறைத் தலைவர் ஐயாவிடம் அனுமதி வாங்கிவிட்டேன். கோயமுத்தூர் போய் வரும் பஸ் செலவு என்னுடையது. அடுத்த சந்திப்பில் அந்தப் பட்டியலை இதே மேடையில் நீங்கள் படிக்க, நான் கீழே மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து கேட்கிறேன்.